டாஸ்க் மேனேஜரில் 35 சதவீதம், ஹெட்ஃபோனில் கரகரப்பு: ரீப்பரில் சிபியு சுமையை எங்கே தேடுவது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வீட்டில் ஓர் அறையில் பாடிப் பதிவு செய்கிறவர். 2018-ல் வாங்கிய லேப்டாப், ஐ5-8250யு ப்ராசஸர், 8 ஜிபி ரேம், மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு யுஎஸ்பி இன்டர்ஃபேஸ். பாட்டைப் பதிவு செய்து கலக்கும் மென்பொருள் ரீப்பர். பஃபர் (ஒரு தடவையில் கணக்குப் போடும் ஒலித்துண்டு) 128 சாம்பிள், சாம்பிள் ரேட் (ஒரு நொடிக்கு எத்தனை சாம்பிள்) 48 கிலோஹெர்ட்ஸ். பாட்டில் 24 ட்ராக். அதில் ஆறு குரல் ட்ராக், ஒவ்வொன்றிலும் சுருதி திருத்தும் ப்ளக்இன் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்), ஈக்யூ (தொனியைச் சீராக்குவது), கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), தனித்தனி கன்வல்யூஷன் ரிவர்ப் (கூடத்தின் எதிரொலி). மூன்று கான்டாக்ட் வாத்தியங்கள், அதாவது பதிவு செய்த வாத்திய ஒலிகளை (இவற்றுக்கும் சாம்பிள் என்றே பெயர்) வைத்து வாசிக்கும் மென்பொருள் வாத்தியங்கள். எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் லீனியர் ஃபேஸ் ஈக்யூவும், சத்தம் எல்லை தாண்டாமல் தடுக்கும், 8 மடங்கு ஓவர்சாம்பிளிங் போட்ட லிமிட்டரும். இவ்வளவும் சேர்ந்ததும் ஹெட்ஃபோனில் சத்தம் கரகரவென்று உடைகிறது, பாடும்போது இன்னும் மோசம். ஆனால் டாஸ்க் மேனேஜரில் சிபியு 35 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. "மீதி 65 சதவீதம் எங்கே போகிறது? புது கம்ப்யூட்டர் வாங்கியே ஆக வேண்டுமா?"

இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்த 65 சதவீதம் எங்கும் போகவில்லை, அங்கேயே சும்மாதான் இருக்கிறது. உங்கள் பிரச்சினைக்கு அது உதவ முடியாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் பாடுகிறவர் என்பதால் இதைத் தாளக் கணக்காகவே பார்க்கலாம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் என்ன வேண்டுமானாலும் வாசிக்கலாம், ஆனால் கோர்வை முடியும்போது சமத்தில் வந்து விழுந்தே ஆக வேண்டும். பத்து ஆவர்த்தனம் அற்புதமாக வாசித்துவிட்டுக் கடைசியில் அரை மாத்திரை பிந்தினால் சபைக்கே தெரிந்துவிடும். ப்ராசஸருக்கும் இதே நிலைதான். பஃபர் 128 சாம்பிள் என்றால், 48,000-க்கு 128 என்ற கணக்கில் 2.67 மில்லிநொடி. அதற்குள் 24 ட்ராக்கையும், அவற்றின் எல்லா ப்ளக்இன்களையும், மாஸ்டரையும் கணக்குப் போட்டு முடித்து இன்டர்ஃபேஸிடம் கொடுத்தாக வேண்டும். ஒரு நொடிக்கு இப்படி 375 கெடு. நான்கு நிமிடப் பாட்டுக்கு 90,000. அதில் ஒரே ஒரு கெடு தவறினாலும் காதில் 'டிக்' என்று கேட்கும். அடுத்தடுத்துத் தவறினால் அதுதான் கரகரப்பு.

டாஸ்க் மேனேஜர் காட்டுவது ஒரு நொடியின் சராசரி. அதுவும் எல்லா கோர்களுக்கும் சேர்த்து. உங்கள் ப்ராசஸரில் 4 கோர், விண்டோஸ் கண்ணுக்கு அது 8. அதில் ஒன்று மட்டும் முழுக்கத் திணறினாலும் டாஸ்க் மேனேஜரில் அது 12.5 சதவீதம்தான். அதனால் அந்தப் பக்கத்தைப் பார்த்து நிம்மதியும் பட வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

வேலையை எட்டுப் பேருக்கும் பிரித்துக் கொடுக்க ஏன் முடியவில்லை? ஒரு ட்ராக்கில் உள்ள ப்ளக்இன்கள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் ஓட முடியும் என்பதால். சுருதி திருத்தி முடித்தால்தான் ஈக்யூவுக்குத் தீனி, ஈக்யூ முடித்தால்தான் கம்ப்ரஸருக்கு. மாவு அரைத்துப் புளித்த பிறகுதான் இட்லி ஊற்ற முடியும். அடுக்களையில் நான்கு பேர் கூடுதலாக நின்றாலும் அந்த வரிசை மாறாது. வெவ்வேறு ட்ராக்குகளை வெவ்வேறு கோர்களுக்கு ரீப்பர் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் ஒரே ட்ராக்கில் அடுக்கிய பத்து ப்ளக்இன்களைப் பிரிக்க முடியாது. மாஸ்டர் இன்னும் கஷ்டம். எல்லா ட்ராக்கும் வந்து சேர்ந்த பிறகுதான் அது தன் வேலையைத் தொடங்கும், கெடு முடிய மிச்சம் இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் முடித்தும் ஆக வேண்டும்.

சரி, எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பஃபரை 1024 ஆக்குங்கள். எந்த ட்ராக்கிலும் ரெக்கார்ட் பட்டன் சிவப்பாக இருக்கக் கூடாது. பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிக் கேளுங்கள். இப்போது கெடு 21.3 மில்லிநொடி, முன்பு இருந்ததைப் போல எட்டு மடங்கு. கரகரப்பு சுத்தமாகப் போய்விட்டால் கோளாறு உங்கள் ப்ராஜெக்டின் கனத்தில்தான். அதைக் குறைக்க வழி இருக்கிறது. 1024-லும் அங்கொன்றும் இங்கொன்றுமாக 'டிக்' வந்தால் ப்ளக்இன்களை விட்டுவிட்டு டிரைவர், சூடு, மின்சாரம், டிஸ்க் பக்கம் போக வேண்டும். பலர் இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராக ப்ளக்இன்களை அழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் குற்றவாளி வைஃபை டிரைவராக இருக்கும்.

அடுத்து, ரீப்பரின் பெர்ஃபார்மன்ஸ் மீட்டரைத் திறந்து வையுங்கள். வியூ மெனுவில் இருக்கிறது, கன்ட்ரோல், ஆல்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். அதில் மொத்த சிபியு ஒரு எண், ஆர்டி சிபியு இன்னொரு எண். நமக்கு முக்கியம் இரண்டாவது. கெடுவில் எத்தனை சதவீதத்தை ரீப்பர் தின்றுவிட்டது என்று சொல்வது அதுதான். கெடு எத்தனை முறை தவறியது என்ற எக்ஸ்ரன் கணக்கும் அங்கேயே இருக்கும். கீழே ஒவ்வொரு ட்ராக்கும் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பட்டியல் இருக்கும். அதில் முதல் இரண்டு மூன்று பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 ட்ராக்கில் 18 ட்ராக் அநேகமாக ஒன்றுமே தின்னாது. அவற்றில் கை வைப்பது நேரத்தை வீணாக்குவது.

பாடும்போது இன்னும் மோசமாகிறது என்று சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் மிக உபயோகமான தகவல் அதுதான்.

ரீப்பர் சும்மா பாட்டை ஓட்டும்போது முன்கூட்டியே சமைத்து வைக்கும். ஆன்டிசிபேட்டிவ் எஃபெக்ட்ஸ் ப்ராசஸிங் என்று ப்ரிஃபரன்ஸில் ஆடியோ பஃபரிங் பக்கத்தில் ஓர் அமைப்பு இருக்கிறது. வழக்கமாக 200 மில்லிநொடி அளவுக்கு அது முன்னால் ஓடி, கணக்கைத் தயாராக வைத்திருக்கும். ஏதாவது ஒரு ப்ளக்இன் ஒரு தடவை திடீரென்று இழுத்தாலும் அந்தக் கையிருப்பு தாங்கிவிடும். ஆனால் ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, மானிட்டரையும் (பாடுவதை அப்போதே கேட்கும் வசதி) போட்ட ட்ராக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. நீங்கள் இன்னும் பாடாத வரியை அது எப்படி முன்கூட்டியே சமைக்கும்? அந்த ட்ராக் 2.67 மில்லிநொடிக் கெடுவுக்குள் நேரடியாக ஓடியாக வேண்டும். அது எந்த ட்ராக்குக்கு அனுப்புகிறதோ அந்த ட்ராக்கும் அப்படியே.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, தேவையில்லாமல் எந்தெந்த ட்ராக்கில் சிவப்பு எரிகிறது என்று. மிடி கீபோர்டில் வாசித்துவிட்டு அந்த ட்ராக்கின் ரெக்கார்ட் பட்டனை அணைக்க மறப்பது எல்லோரும் செய்வது. ஒரு கான்டாக்ட் ட்ராக் அப்படி எரிந்துகொண்டிருந்தால், அது வாசிக்கப்படாவிட்டாலும் நேரடிக் கெடுவில் உட்கார்ந்திருக்கிறது. அணையுங்கள். சில நேரம் இதோடு முடிந்துவிடும்.

அடுத்தது, பாடும்போது குரலை மென்பொருள் வழியாகக் கேட்க வேண்டுமா என்று யோசியுங்கள். உங்கள் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டனோ, இன்புட்டையும் கம்ப்யூட்டர் சத்தத்தையும் கலக்கும் திருகோ இருக்கும். அதைப் போட்டால் மைக்கில் பாடுவது கம்ப்யூட்டருக்குப் போகாமலேயே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும், தாமதம் தெரியாது. பிறகு பஃபரை 1024-லேயே வைத்துக்கொண்டு பாடலாம். ரீப்பரில் அந்த ட்ராக்கின் மானிட்டரை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரல் இரண்டு தடவை கேட்கும். பதிவாகும் குரல் தாளத்தில் சரியான இடத்தில்தான் விழும். டிரைவர் சொல்லும் தாமதத்தைக் கழித்துக்கொண்டு ரீப்பர் அதை வைத்துவிடும்.

"ஆனால் ரிவர்ப் இல்லாமல் பாட வரவில்லை" என்பீர்கள். நியாயமான விஷயம்தான். வறண்ட குரலைக் கேட்டுக்கொண்டு பாடினால் சுருதியே தடுமாறும். அதற்கும் ஒரு வழி இருக்கிறது, நான் இன்றுவரை இப்படித்தான் பதிவு செய்கிறேன். குரல் ட்ராக்கின் மானிட்டரைப் போடுங்கள், ஆனால் அந்த ட்ராக்கின் மாஸ்டர் செண்டை (மாஸ்டருக்குப் போகும் வழியை) அணைத்துவிடுங்கள். அதிலிருந்து ஒரு ரிவர்ப் ட்ராக்குக்கு மட்டும் செண்ட் கொடுங்கள். ரிவர்பில் ட்ரை (அசல் குரல்) பூஜ்யம், வெட் (எதிரொலி) மட்டும். இப்போது வறண்ட குரல் டைரக்ட் மானிட்டர் வழியாக உடனே வருகிறது, ரிவர்ப் மட்டும் கம்ப்யூட்டர் வழியாக 40, 50 மில்லிநொடி பிந்தி வருகிறது. அந்தத் தாமதம் காதுக்கு ஒரு பெரிய கூடத்தின் ப்ரீடிலே (எதிரொலி தொடங்குமுன் வரும் இடைவெளி) போலத்தான் கேட்கும், உறுத்தாது. பாடி முடித்துக் கேட்கும்போது மாஸ்டர் செண்டைத் திரும்பப் போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் குரலே பதிவாகவில்லையோ என்று மனம் பதறும்.

இப்போது மாஸ்டர். பாடிப் பதிவு செய்யும் நாட்களில் அதில் லீனியர் ஃபேஸ் ஈக்யூவும் லிமிட்டரும் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவை மிக்ஸிங் முடிந்த பிறகு வர வேண்டியவை. லீனியர் ஃபேஸ் ஈக்யூ ஒரு துண்டு ஒலியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும், அதனால் தானே தாமதத்தைச் சேர்க்கும். ரீப்பரில் ப்ளக்இன் சாளரத்தின் அடியில் சிபியு சதவீதமும் அதன் பக்கத்தில் எஸ்பிஎல்எஸ் என்று ஓர் எண்ணும் தெரியும், அதுதான் சேர்க்கப்படும் தாமதம். அங்கே 4096 என்று இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸில் அது 85 மில்லிநொடி. பஃபரை 128-லிருந்து 64-க்கு இறக்கி 1.3 மில்லிநொடி மிச்சம் பிடிக்க ப்ராசஸரைப் பிழிந்துவிட்டு, மாஸ்டரில் 85 மில்லிநொடியை வாரிக் கொடுக்கிறோம். லிமிட்டரின் 8 மடங்கு ஓவர்சாம்பிளிங் என்றால் உள்ளே அது 384 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, சுமையும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு ஏறும். பாட்டைக் கடைசியாக ரெண்டர் செய்யும்போது (கோப்பாக எழுதும்போது) எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். ரெண்டருக்குக் கெடு கிடையாது, பத்து நிமிடம் எடுத்தாலும் ஒரு 'டிக்' கூட வராது. அதுவரை 1 மடங்கு போதும். இன்னும் நல்லது, மாஸ்டரில் உள்ள எல்லாவற்றையும் பைபாஸ் அல்ல, ஆஃப்லைன் செய்துவிடுங்கள். பைபாஸ் செய்தால் அது ரேமில் உட்கார்ந்தே இருக்கும், ஆஃப்லைன் செய்தால் இடத்தையும் விட்டுக்கொடுக்கும்.

ஆறு குரல் ட்ராக்கில் ஆறு ரிவர்ப் ஏன்? எல்லோரும் ஒரே கூடத்தில்தானே பாடுகிறார்கள்! ஒரு ரிவர்ப் ட்ராக் வைத்து ஆறிலிருந்தும் செண்ட் அனுப்புங்கள். கன்வல்யூஷன் ரிவர்ப் என்பது ஒரு நிஜக் கூடத்தில் எடுத்த ஒலிப்பதிவை உங்கள் குரலோடு பெருக்கிக்கொண்டே போவது, கூடம் பெரிதாகப் பெரிதாகக் கணக்கும் பெரிதாகும். ஆறு ஒன்றானால் சுமையில் ஆறில் ஐந்து பங்கு போய்விடும். கேட்கவும் இதுதான் நன்றாக இருக்கும், குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டும்.

சுருதி திருத்தும் ப்ளக்இன் விஷயத்தில் என் பழக்கம்: திருத்தி முடித்த அன்றே ட்ராக்கை ஃப்ரீஸ் செய்துவிடுவேன். ட்ராக்கில் வலது கிளிக், ரெண்டர் அல்லது ஃப்ரீஸ் என்ற இடத்தில் மோனோ அல்லது ஸ்டீரியோவாக ஃப்ரீஸ். ரீப்பர் எல்லா ப்ளக்இன்களோடும் அதை ஓர் ஆடியோ கோப்பாக எழுதிவிட்டு ப்ளக்இன்களை இறக்கி வைத்துவிடும். பிடிக்கவில்லையென்றால் அன்ஃப்ரீஸ், பழைய நிலை அப்படியே திரும்பி வரும். ஃப்ரீஸ் செய்தால் மாற்ற முடியாதே என்று பலர் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. மற்ற மென்பொருள்களிலும் இது உண்டு. ஏபில்டன் லைவ், லாஜிக், கியூபேஸ் எல்லாவற்றிலும் ஃப்ரீஸ் என்ற பெயரிலேயே இருக்கிறது. கனமான சிந்தஸைஸர்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. யுனிசன் 8 (ஒரு சுரத்துக்கு எட்டுக் குரல்) வைத்து ஆறு சுரம் கொண்ட கார்டை அழுத்தினால் உள்ளே 48 குரல் ஓடுகிறது. ரிலீஸ் (விரலை எடுத்த பிறகு ஒலி அடங்கும் நேரம்) நீளமாக இருந்தால் அடுத்த கார்டு வரும்போதும் பழைய 48 ஓய்ந்திருக்காது.

கான்டாக்ட்டுக்கு ப்ராசஸரைவிட ரேம்தான் அதிகம் தேவை. 8 ஜிபியில் விண்டோஸுக்கும் பிரவுசருக்கும் போக, மூன்று வாத்தியங்களின் சாம்பிள்களுக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். ரேம் நிரம்பினால் விண்டோஸ் சிலவற்றை டிஸ்க்கில் இறக்கி வைக்கும். அதை எடுத்துவரும் ஒவ்வொரு தடவையும் கெடு தவறும். கான்டாக்ட்டில் பர்ஜ் என்று ஒரு வசதி இருக்கிறது. எல்லா சாம்பிள்களையும் இறக்கிவிட்டுப் பாட்டை ஒரு தடவை ஓட்டினால், உண்மையில் வாசிக்கப்படும் சுரங்கள் மட்டும் ரேமில் ஏறும். தம்புராவுக்கென்று ஒரு வாத்தியத்தையே ஏற்றி வைத்திருந்தால் அது சுத்த வீண். சில சுற்றை ஆடியோவாக எழுதி லூப் செய்துவிட்டு வாத்தியத்தை எடுத்துவிடலாம். கான்டாக்ட்டின் ஆப்ஷன்ஸில் மல்டி ப்ராசஸர் ஆதரவு போட்டிருந்தால், ரீப்பருக்குள் ஓட்டும்போது அதை அணைத்துப் பாருங்கள். கோர்களைப் பங்கிடும் வேலையை ரீப்பரே செய்கிறது. இரண்டு மேஸ்திரிகள் ஒரே ஆட்களை ஏவினால் வேலை கெடும். சாம்பிள்கள் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். இந்த லேப்டாப்புக்குப் பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், இன்னொரு 8 ஜிபி ரேம்தான் முதல் செலவு.

இதுவரை சொன்னது 1024-ல் கரகரப்பு போய்விட்டவர்களுக்கு. போகாதவர்களின் கதை வேறு.

முதல் சந்தேகம் சூடு. ஐ5-8250யு 15 வாட் ப்ராசஸர். அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.4. அதாவது சூடேறினால் இருக்கும் வேகம் பாதிக்கும் கீழே போகலாம். உங்கள் பாட்டு 3.4-ல் சுகமாக ஓடும், 1.6-ல் திணறும். தொடங்கிய முதல் பத்து நிமிடம் நன்றாக இருந்து அப்புறம் கரகரப்பு ஆரம்பித்தால் சூடு என்றே எடுத்துக்கொள்ளலாம். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் வேகம் கிகாஹெர்ட்ஸில் தெரியும். இந்த விஷயத்துக்கு மட்டும் அது உதவும். வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு இது கூடுதல் தொல்லை. மைக்கில் சத்தம் ஏறாமல் இருக்கக் கதவைச் சாத்தி, ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிட்டு உட்காருகிறோம். மே மாதத்தில் அந்த அறையில் நமக்கே மூச்சு முட்டுகிறது, லேப்டாப்புக்கு முட்டாதா? மெத்தை மேலோ போர்வை மேலோ வைக்காதீர்கள், அடியில் காற்றுப் போகும்படி உயர்த்தி வையுங்கள். 2018-ல் வாங்கியதை இதுவரை திறந்து தூசி எடுத்ததில்லை என்றால் ஒரு முறை எடுக்கக் கொடுங்கள், தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஐந்து நிமிடம் ஃபேனைப் போடுவது உங்களுக்கும் நல்லது, அதற்கும் நல்லது.

இரண்டாவது மின்சாரம். என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். என் பழைய லேப்டாப்பின் சார்ஜர் கெட்டுப்போய், கடையில் பொருந்துகிற வேறு ஒன்றை வாங்கினேன். சார்ஜ் ஏறியது, எல்லாம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் அன்றிலிருந்து எட்டு ட்ராக் பாட்டுகூட உடைந்தது. மூன்று வாரம் ப்ளக்இன்களையும் டிரைவர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு பாடகருக்குக் கொடுத்த நாளையும் தள்ளிப்போட வேண்டியதாயிற்று, அது இன்றும் மனதில் இருக்கிறது. கடைசியில் வேகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது: சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்பால் அடையாளம் காண முடியாததால், பாதுகாப்புக்காக ப்ராசஸரை ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே கட்டி வைத்திருந்தது. சரியான சார்ஜர் வந்த அன்றே எல்லாம் தீர்ந்தது. அதனால்தான் வேகத்தைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

விண்டோஸின் பவர் அமைப்பையும் ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, குறைந்தபட்ச ப்ராசஸர் நிலை 100 சதவீதம் என்று வையுங்கள். காரணம் சுவாரசியமானது. ஆடியோ வேலை தொடர்ச்சியான வேலை அல்ல. ஒரு மில்லிநொடி வேலை, ஒன்றரை மில்லிநொடி ஓய்வு, மறுபடி வேலை. நடுவில் ஓய்வைப் பார்க்கும் விண்டோஸ், இவனுக்கு வேலை இல்லை என்று வேகத்தைக் குறைத்துவிடும். திரும்ப வேகம் ஏறுவதற்குள் ஒரு கெடு போய்விடும். சின்ன ப்ராஜெக்ட் உடைகிறது, பெரியது உடையவில்லை என்று சிலர் குழம்புவது இதனால்தான். மின்வெட்டில் பேட்டரிக்கு மாறினாலும் வேகம் இறங்கும், எனவே பேட்டரிக்கான அமைப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை அணைத்துவிடுங்கள். இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள்.

மூன்றாவது, நமக்குத் தெரியாமல் குறுக்கே புகுகிற டிரைவர்கள். வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு, பேட்டரி இவற்றின் டிரைவர்கள் அவசர வேலை என்று வந்து நின்றால், ரீப்பரின் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு விண்டோஸ் அவற்றைக் கவனிக்கும். இந்தக் குறுக்கீட்டுக்கு டிபிசி என்று பெயர். ஒரு தடவைக்கு 100 மைக்ரோநொடிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது மைக்ரோசாஃப்ட் டிரைவர் எழுதுகிறவர்களுக்குச் சொல்லியிருக்கும் விதி. ஒரு டிரைவர் ஒரு மில்லிநொடி எடுத்துக்கொண்டால் உங்கள் 2.67-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. இதைப் பிடிக்க லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ரீப்பரில் பாட்டை ஓடவிட்டு இதையும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு டிரைவர்ஸ் பக்கத்தில், ஒரே தடவையில் அதிக நேரம் எடுத்தவர் யார் என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். என்டிஐஎஸ் என்று வந்தால் நெட்வொர்க். பதிவு நேரத்தில் வைஃபையை அணைத்தால் போதும். ஏசிபிஐ என்று வந்தால் டிவைஸ் மேனேஜரில் பேட்டரிகள் என்ற பகுதியில் ஏசிபிஐ கன்ட்ரோல் மெதட் பேட்டரி என்பதை டிசேபிள் செய்து பாருங்கள். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று அப்போது தெரியாது, அதனால் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். என்வி என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா கிராஃபிக்ஸ். டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள், அல்லது ஒரு பதிப்பு பின்னால் போங்கள். அந்தக் கருவியிலேயே ஹார்ட் பேஜ்ஃபால்ட் எண்ணிக்கையும் இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் மறுபடியும் ரேம்தான் பேசுகிறது.

ரீப்பர் எந்த டிரைவரில் ஓடுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆடியோ டிவைஸ் பக்கத்தில் ஆசியோவும் (தாமதம் குறைந்த ஆடியோ டிரைவர் முறை), உங்கள் இன்டர்ஃபேஸைச் செய்த நிறுவனத்தின் டிரைவரும் இருக்க வேண்டும். ஆசியோ4ஆல் என்பது சொந்த டிரைவர் இல்லாத கருவிகளுக்கு நல்ல ஊன்றுகோல், சொந்த டிரைவர் இருக்கும்போது அது தேவையில்லை.

96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் தரம் கூடும் என்று யாராவது சொன்னால் இந்த லேப்டாப்பில் கேட்காதீர்கள். ஒவ்வொரு ப்ளக்இனின் வேலையும் இரட்டிப்பாகும், குரலுக்கு 48 தாராளம். ஆன்டிவைரஸின் ஸ்கேனிலிருந்து ப்ராஜெக்ட் கோப்புறையையும் சாம்பிள் கோப்புறையையும் விலக்கிவிடுங்கள். அலை ஆடிக்கொண்டே இருக்கும் ஸ்பெக்ட்ரம் சாளரங்களை மூடி வையுங்கள், பார்க்க அழகு, ஆனால் அதை வரைய யாரோ உழைக்க வேண்டும். பாட்டை நிறுத்திய பிறகு, ரிவர்ப் தேய்ந்து அடங்கும் நேரத்தில் மீட்டர் ஏறினால், அது பழைய ப்ளக்இன் ஒன்று பூஜ்யத்துக்கு மிக அருகில் உள்ள எண்களோடு மல்லுக்கட்டுவது. புதிய பதிப்பு இருந்தால் போடுங்கள். ஆப்பிளின் எம் வரிசை மேக்கில் இதே பிரச்சினை வந்தால், எந்த ப்ளக்இன் இன்னும் இன்டெல் பதிப்பிலேயே இருந்து ரொசெட்டா வழியாக மொழிபெயர்த்து ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் என் ஊகம்: சிவப்பு எரியும் கான்டாக்ட் ட்ராக், மாஸ்டரின் இரண்டு ப்ளக்இன்கள், ஆறு ரிவர்ப். இந்த மூன்றைச் சரிசெய்தாலே ஆர்டி சிபியு பாதிக்கு இறங்க வேண்டும். மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றி மீட்டரைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, அடுத்த பாட்டில் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டிவரும்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை, நிஜமாகவே புதிது வாங்குகிறீர்கள் என்றால், கோர் எண்ணிக்கையில் மயங்காமல் ஒரு கோரின் வேகத்தைப் பாருங்கள். மாஸ்டரையும் நேரடிக் குரல் ட்ராக்கையும் சுமப்பது அதுதான். 16 ஜிபிக்குக் குறையாத ரேம், எஸ்எஸ்டி. கடையில் முடிந்தால் ஏதாவது கனமான வேலையைக் கொடுத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஃபேன் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். அந்தச் சத்தம் உங்கள் மைக்கிலும் ஏறும்.